காகுப்பமா, மேல்பாக்கமா?

“மாமா, காகுப்பம் பார்த்திருக்கீங்களா?” என்று அக்கா மகள் போனில் கேட்டாள். ப்ளஸ் டூ மதிப்பெண் வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. பொறியியல் கலந்தாய்வுக்குப் பதிவு செய்துவிட்டு, எந்தக் கல்லூரியை எந்த வரிசையில் போடுவது என்று ஒரு பழைய நோட்டில் எழுதி எழுதி அடித்துக்கொண்டிருந்தாள். பட்டியலில் கல்லூரியின் பெயர் இருக்கும், எண் இருக்கும். போன வருஷம் எந்த கட் ஆஃப் வரை இடம் கிடைத்தது என்பதையும் யாரையாவது கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பஸ் எத்தனை மணிக்கு, வாசலில் இறங்கினால் கண்ணுக்கு என்ன தெரியும், சாயங்காலம் ஆறு மணிக்கு அந்த ரோட்டில் ஆள் நடமாட்டம் உண்டா என்பதெல்லாம் எந்தப் பட்டியலிலும் வராது.

காகுப்பத்தில் விழுப்புரம் பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. மேல்பாக்கத்தில் திண்டிவனம் பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரி. இரண்டும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள், 2008-இல் தொடங்கியவை. ஒரே பல்கலைக்கழகம், ஒரே பட்டம். பிறகு எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? ஊரைப் பார்த்துத்தான். “நாளை மறுநாள் வர்றேன், கிளம்பி இரு. ரெண்டையும் போய்ப் பார்த்துட்டு வந்துடலாம்” என்றேன்.

எனக்கு இதில் ஓர் ஆதங்கம் உண்டு. முப்பது வருஷத்துக்கு முன்னால் நானும் பெயரைக் கேட்டுத்தான் ஒரு கல்லூரியில் சேர்ந்தேன். அது ஊருக்கு வெளியே, பஸ் நிற்குமிடத்திலிருந்து இரண்டு மைல் உள்ளே இருந்தது. சாயங்காலம் நாலேகாலுக்கு ஒரு பஸ். அதை விட்டால் ஏழரைக்கு. நூலகம் ஆறு மணி வரை திறந்திருக்கும். மூன்று வருஷத்தில் அந்த நூலகத்துக்குள் நான் உட்கார்ந்து படித்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். குறை கல்லூரி மீது இல்லை. சேருவதற்கு முன்னால் ஒருமுறை போய் அந்த ரோட்டில் நின்று பார்த்திருந்தால் பக்கத்திலேயே ஓர் அறை எடுத்துத் தங்கியிருப்பேன். சொல்லித்தர வீட்டில் ஆள் இல்லை. இவளுக்குச் சொல்ல நான் இருக்கிறேன்.

அக்கா வீடு செஞ்சியிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமம். செஞ்சியிலிருந்து திண்டிவனம் முப்பது கிலோமீட்டருக்குள், விழுப்புரம் நாற்பதுக்குள். திண்டிவனத்திலிருந்து விழுப்புரமும் நாற்பது. ஆக, ஒரே நாளில் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடலாம். விடிகாலையில் செஞ்சியில் ராஜகிரிக் கோட்டை மீது வெயில் விழுந்துகொண்டிருக்கும்போதே விழுப்புரம் பஸ்ஸில் ஏறினோம். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களில் மராத்தியர் கோட்டைகளின் வரிசையில் செஞ்சிக் கோட்டையும் சேர்ந்தது. அதற்குப் பிறகு வெளியூர் வண்டிகளின் வரத்து கூடியிருப்பதாக டீக்கடைக்காரர் சொன்னார். அவள் அந்தக் கோட்டையைப் பார்த்தே வளர்ந்தவள்; திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நோட்டு மடியில் இருந்தது.

பாதி வழியில் மண்டகப்பட்டில் இறங்கச் சொன்னேன். “காலேஜ் பார்க்கத்தானே போறோம் மாமா?” என்றாள். இதுவும் அதில் சேர்த்திதான் என்றேன். சாலையிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் ஒரு பாறை. அதைக் குடைந்து முன்மண்டபம், இரண்டு தூண்கள், உள்ளே மூன்று கருவறைகள். மூன்றும் வெறுமையாக இருக்கின்றன. இரு ஓரங்களிலும் தடியை ஊன்றிய வாயிற்காவலர்கள். தூணில் ஒரு கிரந்தக் கல்வெட்டு. செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் பிரம்மா, சிவன், திருமால் மூவருக்கும் விசித்திரசித்தன் எடுப்பித்த கோயில் என்பது அதன் பொருள். விசித்திரசித்தன் என்பது முதலாம் மகேந்திரவர்மப் பல்லவனின் பட்டம்; காலம் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம். தமிழகத்தில் கல்லால் கோயில் எடுக்கும் கலைக்கு ஆரம்பம் என்று இந்த இடத்தைத்தான் சொல்கிறார்கள்.

அவள் தூணைக் கையால் தடவிப் பார்த்தாள். அடியும் தலையும் சதுரம், நடுவில் எட்டுப் பட்டை. “சதுரத்துல நாலு மூலையச் சீவுனா எட்டு வந்துடும்ல மாமா” என்றாள். பிறகு விட்டத்தை அண்ணாந்து பார்த்து, “இந்தத் தூணை எடுத்துட்டா விழுமா?” என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. சிவில் படிக்கப் போகிற பெண் கேட்க வேண்டிய கேள்வியைச் சேருவதற்கு முன்பே கேட்டுவிட்டாள் என்று சந்தோஷமாக இருந்தது. இந்தக் குடைவரையை உலகத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் ஜூவோ துப்ரேய் என்ற பிரெஞ்சுக்காரர். புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். வகுப்பு முடிந்த நேரத்தில் சுற்றுவட்டாரத்தையெல்லாம் அலைந்து பார்த்த மனிதர். கல்லூரி இருக்கிற ஊரைச் சுற்றி என்ன இருக்கிறது என்று பார்க்கும் வழக்கம் நம் மாணவர்களுக்கும் வர வேண்டும் என்பது என் ஆசை.

விழுப்புரத்தில் இறங்கும்போது வெயில் ஏறிவிட்டது. புதிய பேருந்து நிலையம் திருச்சி சாலையில் இருக்கிறது. நல்ல மழை பெய்தால் அதற்குள் தண்ணீர் நிற்கும் என்பது இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். மழைக்காலத்தில் எந்தப் பக்கம் இறங்கி நடக்க வேண்டும் என்பதை ஒரு பூக்கார அம்மா அவளுக்குக் கை நீட்டிக் காட்டினார். “காகுப்பமா? ஆயுதப்படை மைதானத்துப் பக்கம் போற ஆட்டோவுல ஏறு கண்ணு” என்றும் அவரேதான் வழி சொன்னார்.

காகுப்பம் போகிற வழியில் அவள் எண்ணிக்கொண்டே வந்தாள்: மெடிக்கல் ஷாப் எத்தனை, ஜெராக்ஸ் கடை எத்தனை, சாப்பாட்டுக் கடை எத்தனை. அரசு கல்லூரிகள் பெரும்பாலும் ஊருக்கு வெளியேதான் அமைகின்றன. நூறு ஏக்கர் ஒரே இடத்தில் வேண்டுமென்றால் புறம்போக்கு எங்கே கிடைக்கிறதோ அங்கேதான் கட்ட முடியும். ஏரிக்கரை, மலையடிவாரம், கரம்பு நிலம். நிலம் கிடைத்துவிடும், பிள்ளைகள் அங்கே போய்ச் சேருகிற வழி பின்னால்தான் வரும். ஊர்க் கடைசியிலிருந்து கல்லூரி வாசல் வரைக்குமான அந்தக் கொஞ்ச தூரம்தான் ஒரு பெண் நாலு வருஷம் படிப்பாளா, நடுவில் நின்றுவிடுவாளா என்பதைப் பல வீடுகளில் தீர்மானிக்கிறது. 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனபோது, இந்தத் தூரத்துக்கு ஒரு விடை கிடைத்தது. அக்கா வீட்டுத் தெருவிலேயே இரண்டு பெண்கள் அதை நம்பித்தான் டிகிரி சேர்ந்தார்கள்.

கல்லூரி வாசலில் காவலாளி நிழலில் உட்கார வைத்துப் பேசினார். எந்தெந்த ஊரிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள் என்று கேட்டேன். பண்ருட்டி, உளுந்தூர்பேட்டை, திருவண்ணாமலைப் பக்கம் என்று அடுக்கினார். “எல்லாம் ஜங்ஷன் இருக்கறதாலதான் சார். ரயில்ல வந்து எறங்கிடுதுங்க” என்றார். அந்த ஒரு வார்த்தையில் விழுப்புரத்தின் சூட்சுமம் இருக்கிறது. இந்த ஜங்ஷனிலிருந்து ஐந்து பக்கம் தண்டவாளம் பிரிகிறது. செங்கல்பட்டு வழியாகச் சென்னை; விருத்தாசலம் வழியாகத் திருச்சி; கடலூர், சிதம்பரம் வழியாக மயிலாடுதுறை; திருக்கோவிலூர், திருவண்ணாமலை வழியாகக் காட்பாடி; ஐந்தாவது புதுச்சேரி. கடைசியில் சொன்ன பாதை 1879-இல் போடப்பட்டது.

அதே ஊரில்தான் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி 1968 முதல் இருக்கிறது. 2010-இல் முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது, 2017-இல் அரசு சட்டக் கல்லூரி. மாவட்டமே 1993-இல்தான் பிறந்தது. அதுவரை தென்னார்க்காடு என்றால் கடலூர்தான் தலைநகர். எங்கள் அப்பா காலத்தில் மேல்படிப்பு என்றால் சிதம்பரம் அல்லது சென்னை. சிதம்பரத்தில் 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே, விடுதிகளோடு சேர்த்து ஒரு தனி நகரமாகவே கட்டினார்கள். வெளியூர்ப் பிள்ளை வந்து தங்கித்தான் படிப்பான் என்பதை முதலிலேயே நினைத்துச் செய்த வேலை அது.

விழுப்புரம் கலைக் கல்லூரியின் கதை வேறு. கல்லூரி இருந்த இடத்திலேயே இருக்க, அதன் பல்கலைக்கழகம்தான் ஊர் மாறிக்கொண்டே இருந்தது. முதலில் சென்னைப் பல்கலைக்கழகம். 2002-இல் வேலூரில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் வந்த பிறகு அது. 2021-இல் விழுப்புரத்திலேயே ஒரு பல்கலைக்கழகத்துக்குச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் அது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டது. ஒரு சான்றிதழில் எழுத்துப் பிழை திருத்த வேண்டுமென்றால் எந்த ஊருக்கு வண்டி ஏறுவது என்பது ஒவ்வொரு தலைமுறைக்கும் மாறியிருக்கிறது. கூலி வேலைக்குப் போகிற தகப்பனுக்கு இது ஒரு நாள் சம்பளமும் பஸ் செலவும். உறுப்புக் கல்லூரிகளுக்கும் இப்படி ஓர் அலைச்சல் உண்டு: 2007-இல் அண்ணா பல்கலைக்கழகம் பிரிந்து திருச்சி, கோவை, திருநெல்வேலி என்று தனித்தனியானது. 2012-இல் மறுபடி ஒன்றானது.

ஓர் அரசு மாணவியர் விடுதிக்கும் அவளை அழைத்துப் போனேன். உள்ளே போக அனுமதி இல்லை. வாசலில் நின்றோம். மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. வெளியே வந்த ஒரு பெண்ணைப் பிடித்துக்கொண்டு இவள் பத்து நிமிஷம் பேசினாள். தண்ணீர் வருமா, ராத்திரி எத்தனை மணி வரை விளக்கு எரியலாம், ஞாயிற்றுக்கிழமை என்ன சாப்பாடு. நான் தள்ளி நின்றுகொண்டேன். எனக்குத் தோன்றாத கேள்விகளெல்லாம் அவளுக்குத் தோன்றின.

புதுச்சேரி ஆசையும் அவளுக்குக் கொஞ்சம் உண்டு. விழுப்புரத்திலிருந்து நாற்பது கிலோமீட்டர், திண்டிவனத்திலிருந்தும் ஏறக்குறைய அவ்வளவே. ஆனால் அது வேறு அரசு. அங்கே சொந்த மண்ணின் பிள்ளைகளுக்கு என்று ஒதுக்கியது போகத்தான் மற்றவர்களுக்கு. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி போகிற சாலையில் எல்லைக்கோடு வளைந்து வளைந்து போகும். மதகடிப்பட்டு புதுச்சேரி, கண்டமங்கலம் தமிழ்நாடு, அரியூர் மறுபடி புதுச்சேரி. அதையெல்லாம் சொன்னதும் அவள் நோட்டில் புதுச்சேரியின் மேல் மெதுவாக ஒரு கோடு போட்டாள்.

மதியம் பாசஞ்சரில் திண்டிவனம் புறப்பட்டோம். முண்டியம்பாக்கத்தில் மருத்துவமனைக்கு வந்து திரும்புகிற ஜனம் ஏறியது. முண்டியம்பாக்கத்துக்கும் விக்கிரவாண்டிக்கும் நடுவே ஒரு பாலத்தைத் தாண்டும்போது எதிர் சீட்டுப் பெரியவர், “ஃபெஞ்சல்ல இங்கதான் நின்னுபோச்சு” என்றார். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறிய புயல். மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. இந்தப் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் தென்மாவட்ட ரயில்கள் பலவும் நின்றன. தேசிய நெடுஞ்சாலையிலும் தண்ணீர். ஐந்து பக்கம் தண்டவாளம் இருந்தும் அப்போது விழுப்புரம் தவித்துப்போனது. அவள் ஜன்னல் வழியே பாலத்தின் தூண்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். “எத்தனை அடி உசரத்துக்கு வந்துச்சு தாத்தா?” என்று பெரியவரைக் கேட்டாள். அவர் தன் கையை நீட்டி, காய்ந்த கரையில் ஒரு பனைமரத்தின் பாதியைக் காட்டினார்.

மயிலம் நிலையத்தைத் தாண்டும்போது குன்றின்மேல் முருகன் கோயில் தெரிகிறது. அடிவாரத்தில் பொம்மபுர ஆதீனம் நடத்தும் தமிழ்க் கல்லூரி, சுதந்திரத்துக்கு முன்பே தொடங்கியது. இந்த வட்டாரத்தின் எத்தனையோ பள்ளிக்கூடத் தமிழாசிரியர்கள் அந்தக் குன்றின் நிழலில் படித்து வந்தவர்கள். இதே வட்டாரத்தில் திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்கள் கிடக்கின்றன. சுமார் இரண்டு கோடி ஆண்டுப் பழமை. சொன்னராட் என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே அதைப் பற்றி எழுதிவிட்டார். தேசிய புவியியல் சின்னமாகப் பாதுகாக்கிறார்கள். அன்றைக்கு நேரமில்லை, போகவில்லை.

திண்டிவனம் விழுப்புரம் அளவுக்குப் பரபரப்பு இல்லாத ஊர் என்று நினைப்பவர்கள் சாயங்காலம் வந்து பார்க்க வேண்டும். திந்திரிணி வனம், அதாவது புளியங்காடு, என்பதுதான் பெயரின் மூலம். ஊர் சிவன் பெயரே திந்திரிணீஸ்வரர். புளியமரம் குறைந்துபோய் நாலு திசைச் சாலைகள்தான் இன்றைக்கு அதன் அடையாளம். சென்னை, விழுப்புரம், புதுச்சேரி மூன்று பக்கமும் பெருஞ்சாலை. நாலாவது பக்கம் செஞ்சி, திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி. புதுச்சேரி – பெங்களூரு பஸ்கள் இந்த வழியாகத்தான் இரவெல்லாம் ஓடுகின்றன.

படிப்புக்கும் இந்த ஊரில் ஆழமான வேர் உண்டு. அண்ணா அமைச்சரவையில் வேளாண் அமைச்சராக இருந்த ஆ. கோவிந்தசாமியின் பெயரில் அரசு கலைக் கல்லூரி இங்கே 1969-இல் வந்தது. அதற்கும் முன்னால் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம். எங்கள் பக்கத்தில் நிலக்கடலையை மல்லாட்டை என்போம். இந்த நிலையத்தில் உருவாகி 1940-இல் வெளிவந்த ‘டி.எம்.வி. 2’ ரகம் ஆந்திரா, கர்நாடகா வரை போய்ப் பல தலைமுறை விவசாயிகளுக்குச் சோறு போட்டது. டி.எம்.வி. என்பது திண்டிவனத்தின் சுருக்கம் என்று பஸ் நிலையத்தில் வறுத்த மல்லாட்டைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே சொன்னேன். கொறித்துக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டு ஒரு பருப்பைக் கையில் வைத்துப் பார்த்தாள். அவள் அப்பா மானாவாரியில் மல்லாட்டை போடுகிறவர்.

மேல்பாக்கம் போய்ச் சேர்ந்தபோது மணி நாலரை. இந்த நேரத்துக்கு வர வேண்டும் என்றுதான் திட்டம். கல்லூரியைக் காலையில் பார்த்தால் கட்டடம் தெரியும். விடுகிற நேரத்தில் பார்த்தால் பிள்ளைகள் தெரிவார்கள். தோளில் பையும் கையில் வரைபடச் சுருளுமாக வெளியே வந்தார்கள். சிலர் பஸ்ஸுக்கு, சிலர் யாரோ ஓட்டிவந்த பைக்கில், ஒரு கூட்டம் நடந்தே. கடைசியாக நாலு பெண்கள் ஏதோ ஒரு கணக்கைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள். இவள் அவர்களைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன்.

சாலையோரம் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தோம். என் கணக்கு தெளிவாக இருந்தது. திண்டிவனம் வீட்டுக்குப் பக்கம். எந்நேரமும் பஸ். விடுதிச் செலவு இல்லை. அம்மா கையால் சாப்பிட்டுவிட்டுப் போய் வரலாம். “இதையே முதல்ல போட்டுடு பாப்பா” என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: “மாமா, இங்க சேர்ந்தா தினம் ஆறரைக்கு வீட்டுல இருப்பேன். வந்த உடனே மாட்டுக்குத் தண்ணி காட்டணும். தம்பிக்கு தோசை சுடணும். அம்மா மேல தப்பு இல்ல, அவங்களும் காட்டுக்குப் போய்ட்டுத்தான் வர்றாங்க. ஆனா நான் எப்பப் படிக்கறது?”

எனக்குச் சுருக்கென்றது. நாலேகால் பஸ் என்னிடமிருந்து எதைப் பிடுங்கியதோ அதைத்தான் இவள் சொல்கிறாள். நான் தூரத்தைக் கிலோமீட்டரில் பார்த்துக்கொண்டிருந்தேன், இவள் சாயங்காலத்தைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தாள். ஆண்பிள்ளைக்கு வீடு பக்கத்தில் இருந்தால் தட்டில் சோறு வரும். பெண்பிள்ளைக்கு வீடு பக்கத்தில் இருந்தால் அடுப்படி காத்திருக்கும். நம் வீடுகளில் பெண்ணைப் பக்கத்துக் கல்லூரியில் சேர்ப்பதை அக்கறை என்றே நினைத்துச் செய்கிறோம், நானும் அன்று அப்படித்தான் செய்யப் பார்த்தேன்.

“விழுப்புரத்துல ஹாஸ்டல்ல பத்து மணி வரைக்கும் லைட் எரியலாமாம். அந்த அக்கா சொன்னாங்க” என்றாள். “சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறுனா வீட்டுக்கு வந்துடலாம். மாட்டுக்குத் தண்ணி அன்னிக்குக் காட்டறேன்.”

நோட்டில் காகுப்பம் ஒன்று, மேல்பாக்கம் இரண்டு என்று எழுதினாள். அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 2021 முதல் உள்ள 7.5 சதவீத ஒதுக்கீட்டில் அவள் வருகிறாள். இரண்டில் ஒன்று கிடைக்கும் என்ற நம்பிக்கை இருக்கிறது. மேல்பாக்கம் கிடைத்தால் திண்டிவனத்திலேயே தங்குவதற்கு வழி பார்க்க வேண்டும். அதை அக்காவிடமும் அத்தானிடமும் பேசும் பொறுப்பு என்னுடையது என்று வாக்குக் கொடுத்தேன்.

பஸ் நிலையத்தில் இருட்டிவிட்டது. “செஞ்சி, திருவண்ணாமலை, பெங்களூர்!” என்று கண்டக்டர் கூவிக்கொண்டிருந்தார். ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததும் அவரைக் கூப்பிட்டு, “அண்ணா, திங்கக்கிழமை காலைல செஞ்சியிலேருந்து விழுப்புரத்துக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு?” என்று கேட்டாள். அது தன் ரூட் இல்லை என்று சொன்னவர், டிரைவரிடம் கேட்டு வந்து சொன்னார். தீவனூர் தாண்டும் வரை விளக்கு எரிந்தது. அந்த வெளிச்சத்தில் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அந்த நேரத்தை எழுதி, அதைச் சுற்றி ஒரு கட்டம் போட்டாள்.